சூரன் கழுத்து ஆப்பு

இணுவில்
12.08.2024

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே எனக்கு முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை. உங்கள் இடுப்பு ஒப்பரேசனுக்குப் பிறகு எப்படி இருக்கிறது, தடியில்லாமல் நடக்கிறீர்களா, அண்ணிக்குக் கனடா ஒத்துக்கொள்கிறதா என்று எழுதவும்.

போனில் கதைத்தால் தர்சினி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். உங்கள் மகள் வீடு முழுக்கக் கேட்கும்போது எனக்கு வாயில் ஒன்றும் வருவதில்லை. போன மாதம் கதைத்தது சண்டையில் முடிந்ததும் உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

விசயம் இதுதான். சூரன்போரில் நீங்கள் இருபத்தேழு வருடம் ஆட்டிய மரச்சூரனை இந்தக் கந்தசஷ்டிக்கு என்னை ஆட்டச் சொல்லிப் பூவரசடி முருகன் கோயில் சபை கேட்டிருக்கிறது. தலைவர் வீட்டுக்கே வந்து, "கனகரத்தினத்தாரின்ரை தம்பி இருக்கேக்கை வேறை ஆரைக் கேக்கிறது?" என்றார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கவேண்டும். மன்னிக்கவும்.

கோயில் வாகனசாலையைத் திறந்து பார்த்தேன். யானைமுகம், சிங்கமுகம், சூரனின் சொந்த முகம் மூன்றும் துணி சுற்றியபடி நன்றாக இருக்கின்றன. தலையைக் கழுத்துத் தூணோடு பூட்டுகிற கருங்காலி ஆப்பைத்தான் காணவில்லை. அது இல்லாவிட்டால் ஒரு தலையும் நிற்காது. எங்கே வைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அன்புத் தம்பி,
சீவரத்தினம்


ஸ்காபரோ
05.09.2024

தம்பி சீவாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தடியோடுதான் நடக்கிறேன். உன் அண்ணி இங்கே வந்து இரண்டு கிலோ கூடிவிட்டாள். உன் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்.

சபை உன்னைக் கேட்டது சந்தோசம். நீ ஓம் என்றதும் சந்தோசம். இதில் மன்னிக்க என்ன இருக்கிறது?

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நீ சூரனைத் தூக்குகிற பின்தண்டு பிடித்துப் பழகியவன். கீழே நின்று தூக்குவது வேறு, மேலே இருப்பது வேறு. இருபது பெடியள் சூரனைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடுவார்கள். நீ பின்னால் ஏறியிருந்து கொண்டு, ஒரு ஆட்டுக்குட்டிப் பாரமுள்ள மரத்தலையை இடமும் வலமும் திருப்பவேண்டும். முருகனின் வேல் வந்து தொட்டதும், சனம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு தலையைக் கழற்றி மற்றத் தலையைப் பூட்டவேண்டும். நான் பதினொரு செக்கனில் மாற்றினேன். மணிக்கூடு பிடித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அறுபத்தொரு வயதில் தொடங்குகிற வேலையா இது என்று யோசித்துப் பார். நான் தடுக்கவில்லை.

ஆப்பு வாகனசாலையில்தான் கிடக்கும். வடக்கு மூலையில் மயில் வாகனத்துக்குக் கீழே பார். எலி இழுத்திருக்கவும் கூடும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.
கனகரத்தினம்


இணுவில்
28.09.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நல்லெண்ணெய் தேய்க்கிறேன். படி ஏறச் சுகமாக இருக்கிறது. நீங்கள் தடியை விடவேண்டும் என்று முருகனுக்கு ஒரு அருச்சனை செய்தேன்.

மயில் வாகனத்துக்குக் கீழே பார்த்தேன். எலிக்கூடு ஒன்று இருந்தது. நீங்கள் தொலைத்த மூக்குக்கண்ணாடியும் இருந்தது. ஆப்பு இல்லை. பிறகு இடும்பன் வாகனம், ஆட்டுக்கிடாய் வாகனம், குடை வைக்கிற பெட்டி எல்லாம் பார்த்தேன். மகள் ஆரபியும் கம்பசில் வகுப்பு முடிந்து வந்து என்னோடு தேடினாள். "பெரியப்பாவுக்கு ஒரு பொருளும் தவறாதே அப்பா," என்று ஆச்சரியப்பட்டாள்.

நீங்கள் மறந்துபோய் வேறு எங்காவது வைத்திருக்கலாம். வடிவாக யோசித்துப் பாருங்கள். விரதம் தொடங்க இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது. இல்லையென்றால் வேறு மரத்தில் ஒன்று செய்யட்டுமா?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.
சீவரத்தினம்


ஸ்காபரோ
20.10.2024

தம்பி சீவாவுக்கு,

உன் அருச்சனைக்கு இடுப்பு இன்னும் மறுமொழி சொல்லவில்லை. கண்ணாடியைப் பத்திரமாக வை.

நான் ஒன்றையும் மறக்கிற ஆள் இல்லை. ஆப்பு அங்கேதான் இருந்தது.

வேறு மரத்தில் செய்யவேண்டாம். அந்தக் கழுத்து நூற்றுப்பத்து வருடத்துக் கழுத்து. கருங்காலியை விட வேறொன்றையும் பிடிக்காது. ஐப்பசி மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும், ஆப்பு இளகும், தலை பாதியில் கழன்று யாருடைய மண்டையிலாவது விழும். பிறகு ஊர் எங்கள் குடும்பத்தைத்தான் சொல்லும்.

இந்த ஒரு வருடம் ஒரு தலையைக் கயிற்றால் கட்டிவிடு, சூரன் தலை மாற்றாமல் சும்மா போர் செய்யட்டும். கனகரத்தினம் இல்லை, அதனால் தலை மாற்றவில்லை என்று சொன்னால் சனம் விளங்கிக்கொள்ளும். அதில் உனக்கும் ஒரு குறைவும் இல்லை.

விரத நாட்களில் வெறும் வயிற்றில் வெயிலில் நிற்காதே.
கனகரத்தினம்


இணுவில்
15.11.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். எனக்குத் தோள்மூட்டு இரண்டும் வீங்கியிருக்கின்றன. வேறு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதம் சூரன்போருக்கு அடுத்தநாள்தான் வந்தது. போர் குறையில்லாமல் முடிந்தது. நல்ல சனம். மழையும் விட்டுத் தந்தது. புளியமரத்தில் ஒரு ஆப்புச் செய்து போட்டேன். கொஞ்சம் லூஸ்தான். ஆனாலும் தலை விழவில்லை.

வீட்டுக்காரி சிவகௌரி உங்களுக்குப் பனங்காய்ப் பணியாரம் அனுப்பக் கேட்டாள். பழுதாகிவிடும் என்று மறித்துவிட்டேன்.

சீவரத்தினம்


ஸ்காபரோ
10.12.2024

தம்பி சீவாவுக்கு,

இங்கே முழங்கால் உயரத்துக்குப் பனி. யாரும் வெளியே போவதில்லை. எல்லாரும் வீட்டுக்குள் இருந்து உன்னைத்தான் பார்க்கிறார்கள்.

ஆம், ஆரபி எடுத்துப் போட்ட வீடியோவைத்தான் சொல்கிறேன். நான்கு லட்சம் பேர் பார்த்ததாகத் தர்சினி காட்டினாள். "குறையில்லாமல் முடிந்தது" என்று நீ எழுதியது இதைத்தானா? முருகன் முன்னுக்கு வர, உன்னுடைய சிங்கமுகம் மேலும் கீழும் நடுங்குகிறது. பயந்து நடுங்குகிற மாதிரி. பிறகு கோபம் வந்து உதறுகிற மாதிரி. சனம் அரோகரா போடுகிறது. ஒரு கிழவி அழுகிறாள். தர்சினியின் பிள்ளைகள் சோபாவில் ஏறி நின்று கத்தினார்கள். நான் ஆட்டிய வீடியோவும் யூடியூப்பில் கிடக்கிறது. அதை நூற்றுநாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் பாதி நானாக இருக்கும்.

பிழையைப் பிழை என்று சொல்லவேண்டும். சூரன் நடுங்கக்கூடாது. அவன் அசுரன். நடுக்கம் ஆப்பு லூஸானதால் வந்ததே ஒழிய உன் கைவேலை இல்லை. தலை மாற்ற உனக்கு இருபத்துமூன்று செக்கன் எடுத்திருக்கிறது. நான் எண்ணினேன்.

உள்ளதை எழுதுகிறேன், நெஞ்சு எரிந்தது. அன்று சாப்பிடவில்லை. உன் அண்ணி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இருவத்தேழு வருசமாச் சூரனுக்குத் தலை மாத்தினியள். உங்கடை தலையை ஒருக்காலும் மாத்தேல்லை."

தோளுக்கு ஒத்தடம் கொடு.
கனகரத்தினம்


இணுவில்
20.01.2025

அன்புள்ள அண்ணைக்கு,

பனியில் சறுக்கி விழுந்துவிடாமல் கவனமாக இருக்கவும். இங்கே எல்லாரும் சுகம். பொங்கல் நன்றாக நடந்தது. வல்வெட்டித்துறைக்குப் பட்டம் பார்க்கப் போனோம். அங்கேயும் இரண்டு பேர் என்னை அடையாளம் கண்டு படம் எடுத்தார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

உங்களுக்குச் சந்தோசமான செய்தி. வாகனசாலையை இடிக்கப்போவதில்லை. கொங்கிறீற்றில் புது மண்டபம் கட்டவென்று லொறியால் கல் பறித்துப் போட்டிருந்தார்களே, அது நின்றுவிட்டது. வீடியோவைப் பார்த்துவிட்டு கம்பசிலிருந்து மரபுரிமைக்காரர் வந்தார்கள். சுண்ணாம்புச் சுவரையும் கூரையின் மர வளைகளையும் அளந்து, "இப்பிடியொண்டு வலிகாமத்திலை மிச்சமில்லை," என்றார்கள். சபையும் சம்மதித்துவிட்டது. நீங்கள் இதற்காகப் பத்து வருடம் கடிதம் எழுதினீர்கள் என்பதை நான் தலைவருக்கு ஞாபகப்படுத்தினேன். "ஓ, அப்பிடியே?" என்றார்.

வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். ஆரபி எடுத்த படம் இத்துடன். எழுத்துச் சின்னதாக இருப்பதால் கீழே எழுதுகிறேன்:

"இச்சூரன் சிற்பம் நூறாண்டுக்கு மேற்பட்டது. ஆட்டுபவர்: திரு. சீவரத்தினம். இவரது தமையனாரும் சில காலம் இப்பணியைச் செய்துள்ளார்."

ஆப்பை எங்கே வைத்தீர்கள் என்று ஞாபகம் வந்ததா?

சீவரத்தினம்


இணுவில்
02.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

மூன்று மாதமாக உங்கள் கடிதம் இல்லை. தர்சினியைக் கேட்டால், "அப்பா சுகமாத்தான் இருக்கிறார், ஆரோடையும் கதைக்கிறேல்லை," என்கிறாள். தடியை விட்டுவிட்டீர்களாம். மெத்தச் சந்தோசம்.

ஒரு வரியாவது எழுதவும்.
சீவரத்தினம்


ஸ்காபரோ
28.04.2025

சீவா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நன்றாக இருப்பாய் என்று தெரியும். நான்கு லட்சம் பேர் பார்க்கிறார்கள், ஏதும் என்றால் யாராவது சொல்வார்கள்.

சில காலம்!

இருபத்தேழு வருடம் சில காலமா? இடம்பெயர்ந்து போன வருடங்களில் சிங்கமுகத்தைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனது யார்? திரும்பி வந்து கறையான் தின்ற இடத்துக்கு மெழுகு வைத்து நிரப்பியது யார்? என் பெயர்கூட இல்லை. தமையனாராம். தமையனாருக்குப் பெயர் இல்லையா? அந்தப் பலகையின் படத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு திறந்து பார்த்தேன். இரண்டு மாதமாக இதுதான் எனக்கு வேலை.

இனி மறைத்துப் பிரயோசனம் இல்லை. ஆப்பு என்னிடம்தான் இருக்கிறது. கனடாவுக்கு வெளிக்கிடுகிற அன்று உடுக்கிற சாரத்துக்குள் சுற்றிச் சூட்கேசில் வைத்துக்கொண்டு வந்தேன். விமான நிலையத்தில், "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டார்கள். முதுகு சொறியிற தடி என்று சொன்னேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். நான் இல்லாவிட்டால் சூரனுக்குத் தலை நிற்கக்கூடாது என்று இருந்தது. அவ்வளவுதான். உன்னை மயிலுக்குக் கீழே தேடவிட்டேன். எலி மேல் பழி போட்டேன். கடைசியில் நான் ஆப்பைக் கொண்டுவந்ததால்தான் உன் புளி ஆப்பு லூஸாகி, தலை நடுங்கி, நீ ஊர் பேசுகிற ஆளானாய். முருகன் என்னை நன்றாகத்தான் ஆட்டியிருக்கிறான்.

பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதைப் போட்டு ஆட்டு. தலை நடுங்காமல் ஆட்டு. அப்போது பார்ப்போம்.

கனகரத்தினம்


இணுவில்
01.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

பார்சல் கிடைத்தது. கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உங்களுக்குப் பிரஷர் கூடியிருக்கும். குளிசையை நேரத்துக்குப் போடவும்.

எனக்குத் தெரியும், அண்ணை. அன்று உங்கள் சூட்கேசுக்குக் கயிறு கட்டியது நான்தான். பூட்டுப் பிடிக்கவில்லை என்று திறந்தபோது நீலச் சாரத்துக்குள் ஆப்பின் தலைப்பைக் கண்டேன். திரும்ப மூடி, கயிற்றை இறுக்கிக் கட்டினேன். பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டது, நீங்களாகச் சொல்வீர்களா என்று பார்க்கத்தான். மயில் வாகனத்துக்குக் கீழே பார் என்று எழுதியபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் போய்க் குனிந்து பார்த்தேன்.

நானும் உள்ளதை எழுதவேண்டும். இருபத்தேழு வருடம் பின்தண்டு பிடித்தேன். சூரன் எப்படிப் போர் செய்கிறான் என்று ஒரு தரமும் கண்டதில்லை. நிமிர்ந்து பார்த்தால் உங்கள் குதிக்கால் இரண்டும்தான் தெரியும். சனம் அரோகரா போடும்போது, என்ன செய்தீர்கள் என்று பக்கத்தில் நிற்பவனைக் கேட்பேன். அவனுக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அம்மா உங்களுக்குத்தான் கோப்பியில் சீனி கூடப் போடுவா.

பலகையில் "சில காலம்" என்று எழுதச் சொன்னது நான். ஆரபி உங்கள் பெயரையும் வருடத்தையும் எழுதித்தான் கொண்டுவந்தாள். நான் வெட்டினேன்.

ஆப்பு லூஸாக இருந்தது தற்செயலும் இல்லை. நான் கழுத்துத் துளையை உளி வைத்துப் பெருப்பித்துவிட்டேன். தலைகளின் துளையையும்தான். தலை நடுங்கவேண்டும் என்று செய்யவில்லை. நீங்கள் ஒருநாள் திரும்பி வந்து ஆப்பைச் செருகினால் அது பிடிக்கக்கூடாது என்றுதான் செய்தேன்.

உங்கள் ஆப்பை நேற்றுப் போட்டுப் பார்த்தேன். துளையின் மற்றப் பக்கத்தால் நிலத்தில் விழுந்துவிட்டது.

உங்கள் தம்பி,
சீவரத்தினம்


ஸ்காபரோ
05.07.2025

தம்பி சீவாவுக்கு,

குளிசை போடுகிறேன். உன் முழங்கால், தோள்மூட்டு எல்லாம் எப்படி?

கடிதம் வந்து மூன்று நாள் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நூற்றுப்பத்து வருடத்துக் கழுத்தில் உளி வைத்தாயே, பாவி. உன் அண்ணி கடிதத்தை வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு, "அண்ணனும் தம்பியும் ஒரு அச்சு," என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஐப்பசிக்கு வாறன். பிளேன் ரிக்கற் போட்டாயிற்று. தலையை நீதான் ஆட்டவேண்டும். நல்ல மனதால் சொல்கிறேன் என்று நினைக்காதே. இடுப்பு ஏறவிடாது, அதுதான் காரணம்.

நீ குதிக்காலைக் கண்டாய். நான் கண்டது பிடரி. இருபத்தேழு வருடமும் சிங்கமுகத்தின் பிடரி மட்டும்தான். இந்த முறை சனத்தோடு முன்னுக்கு நின்று பார்க்கப்போகிறேன். பிழை பிடிக்கத்தான்.

புளி ஆப்பு இரண்டு மழைக்குத் தாங்காது. தர்சினி வீட்டுக்குப் பின்னால் ஒரு மேப்பிள் மரத்தைத் தறித்துப் போட்டிருக்கிறார்கள். நல்ல வைரம். நான் செதுக்கிக்கொண்டு வருகிறேன். இங்கே இருக்கிற என்னால் உன் துளையை அளக்க முடியாது. ஒரு நூலில் அளவு எடுத்து, முடிச்சுப் போட்டு அனுப்பு.

பலகையை மாற்று. பெயரை முழுதாக எழுது.
கனகரத்தினம்


இணுவில்
04.08.2025

அன்புள்ள அண்ணைக்கு,

தோள் சுகம், முழங்கால் பழையபடி. நீங்கள் வருகிறீர்கள் என்று சொன்னதிலிருந்து சிவகௌரி பணியாரத்துக்குப் பனங்காய் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பலகையை மாற்றியாயிற்று. உங்கள் பெயர், இருபத்தேழு வருடம், சைக்கிள் கரியர் எல்லாம் இருக்கிறது. என் பெயர் கீழே வந்துவிட்டது. பார்க்க ஒரு மாதிரித்தான் இருக்கிறது, பழகிவிடும்.

முன்னுக்கு எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று எழுதவும். தலையை அந்தப் பக்கம் இரண்டு தரம் கூடத் திருப்பவேண்டும். நீங்கள் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. நல்ல ஆசை இல்லை. ஆனாலும் ஆசைதான்.

நூல் இத்துடன் இருக்கிறது. முதலில் அளந்தபோது முடிச்சை ஒரு நெல்லளவு உள்ளே தள்ளிப் போட்டேன், அண்ணை. நீங்கள் செதுக்கிக்கொண்டு வருவது பிடிக்காமல் போகட்டும் என்று. கடிதத்தை ஒட்டி, தபாற்கந்தோர் வாசல்வரை கொண்டுபோனேன். அங்கே நிற்க முடியவில்லை. திரும்பி வந்து வாகனசாலையைத் திறந்து, கடிதத்தை உடைத்து, துளையை இன்னொரு தரம் அளந்தேன்.

பழைய முடிச்சும் நூலில் இருக்கிறது, அவிழ்க்க வரவில்லை. அதற்கு வெளியே இருக்கிற முடிச்சைப் பார்த்துச் செதுக்குங்கள். அதுதான் சரியான அளவு.

அன்புத் தம்பி,
சீவரத்தினம்